வலிக்காத முட்டி

மின்சாரத் துறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன எஃகு ஸ்கேல் இருக்கும். எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்குக் கம்பி போகிறது என்று கோடு போட்டே காலத்தை ஓட்டியவர். அறுபது முடிந்த அன்று மேசையைத் துடைத்து, இழுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். வழியனுப்பு விழாவில் அவரைத் தவிர மற்றவர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலை என்பது முடிக்க வேண்டிய ஒன்று, முடித்தாயிற்று, இனி காலை நீட்டி உட்காரலாம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் அவர் மனைவியும் சேர்த்தி. அவரைவிட மூன்று வயது சின்னவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், விபத்தில் கால் போனவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள் என்று எல்லோரையும் மறுபடி எழுப்பி நிற்கவைத்து நடக்கவைப்பது அவள் பிழைப்பு. அங்கே அவளை நடையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள்கூட, "நடையம்மா பார்த்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் அவளும் வந்துவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். பால்கனியில் போட இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கினார். காலையில் சேர்ந்து நடக்கப் போகலாம், கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் போய்த் தங்கலாம், மகள் வீட்டில் மழைக்காலத்தைக் கழிக்கலாம் என்று மனசுக்குள் ஒரு வரைபடமே போட்டு வைத்திருந்தார்.

அவளுக்கு அறுபது முடிந்த அன்று சாயந்திரம் கையில் ஒரு பரிசுப் பெட்டியோடு வந்தாள். பெட்டியில் கோப்பைகள் இருந்தன. ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று அடுக்கி வைத்தாள். பிறகு ஷூவைக் கழற்றிக்கொண்டே, "திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணுங்க" என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். வருஷா வருஷம் எழுதிக் குடுத்தா வேலையில தொடரலாமாம். குடுத்துட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல. நான்தான் போய்க் கேட்டேன்."

அவர் சிரித்தார். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவருக்கு எழுபது, அவளுக்கு அறுபத்தேழு. பால்கனியில் ஒரு நாற்காலியின் பிரம்பு அவர் உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்து போயிருந்தது. இன்னொன்று கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தது.

காலையில் அவள் கிளம்பும் வேகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண் என்று தோன்றும். டீயை நின்றுகொண்டே குடிப்பாள். கைப்பையைத் தோளில் மாட்டி, வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ போடுவாள். சுவரைப் பிடிக்கமாட்டாள். "இத்தனை வயசுக்கு ஒத்தக் கால்ல நிக்க முடியுதான்னு தினம் ஒரு பரீட்சை" என்பாள். கதவு சாத்திக்கொள்ளும். லிஃப்ட் வரும் சத்தம், அதன் கதவு மூடும் சத்தம். அப்புறம் வீடு கப்பென்று அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு வருகிற பகல் இருக்கிறதே, அதை அவர் எப்படி எப்படியோ துண்டு போட்டுப் பார்த்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்தார். குழாய் சொட்டினால் அதைச் சரிசெய்தார், சொட்டாவிட்டால் ஏன் சொட்டவில்லை என்று திறந்து பார்த்தார். சமையலில் கை வைத்தார். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதில் ஒரு மணி நேரம் போனது, அந்த வகையில் லாபம்தான். கீழே வாட்ச்மேனிடம் நின்று பேசலாம் என்றால் அந்த ஆள் எப்போதும் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மகனோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவருக்குக் காது போய்விட்டது. போனில் அவரோடு பேசினால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேதி தெரிந்துவிடும்.

மகளுக்கு போன் செய்வார். அவள் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருப்பாள்.

"சொல்லுங்கப்பா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. உங்கம்மாகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன். போதும், வீட்ல இருக்கட்டும்னு."

"ஐயோ, நான் மாட்டேம்பா. நான் சொன்னா, நீ கம்ப்யூட்டர் முன்னாடி கூனி உக்காருறியே, அதை முதல்ல பாருன்னு என்னைப் படுக்கவெச்சுக் காலைத் தூக்கச் சொல்வாங்க. நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்கவா போறா?"

"அப்ப விட்டுடுங்களேன். அவங்க சந்தோஷமாத்தானே இருக்காங்க?"

அதுதான் அவருக்கு இடித்தது. வீட்டுக் கஷ்டத்துக்காகப் போகிறாள் என்றால் அனுதாபப்படலாம். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமல் கெஞ்சுகிறார்கள் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். இவள் வெறும் சந்தோஷத்துக்காகப் போகிறாள். அதை எந்தக் குறை சொல்லித் தடுப்பது?

சாயந்திரம் வந்ததும் அவளுக்கு வாய் ஓயாது. வார்டு முழுவதையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது போல இருக்கும். லாரிக்காரர் என்று ஒருவர்; முட்டிக்குக் கீழே கால் போய், செயற்கைக் கால் மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சர் என்று ஒருத்தி. பக்கவாதத்தில் பேச்சு குழறினாலும் பாட்டு மட்டும் குழறவில்லை. அதனால் அவளைப் பாடச் சொல்லித் தாளத்துக்குக் கால் எடுத்து வைக்கவைத்தாள் நடையம்மா. அவர்களை அவர் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எந்தப் பக்கம் பலமில்லை என்பதுவரை தெரியும்.

ஒரு நாள் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "இன்னிக்கு லாரிக்காரர் பிடிச்சு நடக்கற கம்பியை விட்டுட்டு நடந்தாருங்க. கையை வீசிக்கிட்டு. சுவர் வரைக்கும் போய்த் தொட்டுட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து ஹார்ன் அடிச்சுக் காட்டறார். வாயாலதான். ஹால்ல எல்லாரும் கைதட்டறாங்க."

சொல்லும்போது அவள் முகம் அப்படி இருந்தது. கன்னம் சிவந்து, கண் ஈரமாக. அந்த முகத்தை வீட்டில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. இவளிடம் இந்த முகத்தை வாங்க வேண்டுமென்றால் ஒரு கால் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, "ம்" என்றார்.

மறுநாள் காலையில் அவருக்கு முட்டி வலித்தது.

படுக்கையை விட்டு எழுந்து, இரண்டு அடி வைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்தாள்.

"என்னாச்சு?"

"முட்டி. பிடிச்சுக்கிச்சு."

"உக்காருங்க. எந்தக் கால்?"

அவர் இடது காலைக் காட்டினார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். கட்டை விரலால் முட்டியைச் சுற்றி அழுத்தினாள். மடக்கினாள், நீட்டினாள், பக்கவாட்டில் லேசாக அசைத்தாள்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா."

"இங்க?"

"அங்கயும்தான்."

"இங்க?"

"அங்கதான் ரொம்ப."

அவள் கொஞ்ச நேரம் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, சில நாள் வரமாட்டேன் என்றாள். உள்ளறையிலிருந்து அதைக் கேட்டதும் அவருக்கு முட்டி மட்டுமில்லை, உடம்பு முழுவதுமே லேசாகிவிட்டது.

முதல் நாள் அவருக்குத் திருவிழாதான். சுடுநீர்ப் பையை முட்டியில் வைத்து, காலுக்குக் கீழே தலையணையை மடித்துக் கொடுத்தாள். மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாள். அவர் பால்கனிக்குப் போகலாம் என்றார். அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் புது நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். கீழே ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். எதிர்க் கட்டடத்தில் யாரோ கம்பளியை உதறினார்கள். "இப்படி உக்காந்து எவ்வளவு நாளாச்சு" என்றார் அவர். இப்படி அவர்கள் உட்கார்ந்ததே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. 

இரண்டாம் நாள் அவள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினாள். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். நடுநடுவே போன் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஆனாலும் குரல் வந்தது. "பாட்டு டீச்சரை உக்காரவெச்சுடாதீங்க. பாடச் சொல்லுங்க. அவங்க பாடமாட்டேன்னுதான் சொல்வாங்க, நீங்க தப்பாப் பாடுங்க, திருத்தறதுக்காவது பாடுவாங்க." வார்டுப் பேச்சில் அவள் குரல் ஒரு படி ஏறியது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அது இறங்கிவிட்டது. "டீ போடட்டுமா?" என்றாள். வேறு யாருடைய வீட்டிலோ விருந்துக்கு வந்தவள் கேட்பது போல இருந்தது அது.

அதற்கு மறுநாள் அவள் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்ததை அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். தெருவைப் பார்த்து நின்றாள். கைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு கையின் விரல்களை இன்னொரு கை பிடித்து மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தது. யாரோ ஒருவரின் கை அது என்பது போல. அவள் முதுகு அவருக்குச் சட்டென்று கிழவியின் முதுகாகத் தெரிந்தது. ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ போடுகிறவள் அவள். அவளைத் தான் வீட்டில் பிடித்து வைத்து மூன்று நாளில் இப்படி ஆக்கிவிட்டோமோ என்று கலங்கினார்.

அந்தக் கலக்கத்தில்தான் குட்டு உடைந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனார். ஞாபகமாக நொண்டிக்கொண்டுதான் போனார். குடித்துவிட்டுத் திரும்பும்போது அவள் ஜன்னலை விட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எந்தக் கால்?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். வலது காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அங்கேயே நின்றார். முகத்தில் அசடு வழிந்தது. அவள் சிரித்திருந்தால் தேவலை, சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டு, எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றார் அவர்.

"முதல் நாளே. கையை வெச்சதும் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா முட்டியைத்தானே பிடிக்கறேன்."

"அப்புறம் ஏன் லீவு போட்டே?"

"இந்த வயசுல ஒருத்தர் இப்படி ஒரு பொய் சொல்றார்னா எங்கயோ வலி இருக்குன்னுதானே அர்த்தம்? முட்டியில இல்ல, அவ்வளவுதான்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். பகல் நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது என்று சொன்னார். லிஃப்ட் சத்தத்தைச் சொன்னார். எந்த மாடிக்குப் போகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்க வந்துவிட்டதைச் சொன்னார். "நீ வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கறதே இல்லம்மா. சில நாள் உன்கிட்ட முதல் வார்த்தை பேசறப்ப குரல் கம்மிப் போயிருக்கும். நீ சளின்னு நினைச்சுக் கஷாயம் தர்றே."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு" என்றார். "என்னை விட்டு ஓடறதுக்குத்தான் வேலைக்குப் போறியா?"

இல்லை என்று உடனே சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் யோசித்தாள். அந்த யோசனை நீண்டுகொண்டே போனது. எதிர்க் கட்டடத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, அழுது முடித்தது.

"கொஞ்சம்" என்றாள்.

அவர் நாற்காலியிலிருந்து எழப்போனார்.

"கோவிச்சுக்காதீங்க. உண்மையைக் கேட்டீங்க, சொல்றேன். பெரும்பாலும் அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, அதான். காலைல போய் அந்த ஹால் கதவைத் திறக்கறப்போ எனக்கு வயசே இல்ல. ஆனா கொஞ்சம், நீங்க சொன்னதும்தான். நீங்க வேலைக்குப் போன காலத்துல சாயந்திரம் வந்து என்கிட்ட என்ன பேசினீங்க? சாப்பாடு ஆச்சான்னு கேப்பீங்க. அப்புறம் பேப்பர். அப்புறம் தூக்கம். நானும் குறை சொல்லல, அப்படித்தான் எல்லாரும் இருந்தாங்க. நான் எனக்குன்னு பேசறதுக்கு ஆள் தேடிக்கிட்டேன். அவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில இருக்காங்க. இப்ப நீங்க ஃப்ரீ ஆயிட்டீங்கன்னு அவங்களை விட்டுட்டு வான்னா, எப்படிங்க வர்றது?"

அவள் சொன்ன சாயந்திரங்களில் ஒன்றையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தார். பேப்பர் ஞாபகம் வந்தது. விளக்கு ஞாபகம் வந்தது. அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது வரவில்லை.

அவள் எழுந்து அவர் தோளில் கை வைத்தாள். "நாளைக்கு நான் போறேன். நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்களேன். ஏழு வருஷமா என்மேல கோவமா இருக்கீங்க. எதுமேல கோவம்னாவது தெரியட்டும்."

அடுத்த வாரம் ஒரு நாள் அவர் போனார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போனார். நீளமான ஹால். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடுவில் இடுப்புயரத்தில் இரண்டு கம்பிகள் இணையாக ஓடின. கோடு போட்ட கண் என்பதால் இடது கம்பி கடைசியில் லேசாக விலகிப் போவது முதலிலேயே பட்டது. ஓரத்தில் பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்தார்.

அவள் ஹாலின் மறுகோடியில் இருந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்டு, அதன் கைகளை மடித்துவிட்டு, தடியான ஓர் ஆளை இடுப்புப் பட்டையில் பிடித்து நிறுத்திக்கொண்டு, "கீழ என்ன பார்வை? தரை எங்கயும் ஓடிப்போகாது. என்னைப் பாருங்க. நான் அழகா இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டாள். ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். "பாருங்க, சிரிச்சா கால் பயத்தை மறந்துடுது" என்றாள். பெஞ்சிலிருந்தவருக்கு அந்தக் குரலே தெரியாது. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளின் குரலை முதல் தடவையாகக் கேட்பது போல இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் ஏதோ உறுத்தியது.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேண்ட்டின் ஒரு காலைச் சுருட்டி விட்டிருந்தார். உள்ளே உலோகம் பளபளத்தது. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க ஸ்கேல் சார்தானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பையில இருக்கே." சட்டைப் பையைக் காட்டினார். "நான் லாரி ஓட்டிக்கிட்டிருந்தவன். உங்களைப் பத்தி நடையம்மா தினம் சொல்வாங்க சார். பிரட் துண்டு கோணலா வெட்டியிருந்தா அளந்து காட்டுவீங்களாமே. அடிப்பிடிச்ச பாத்திரத்தைப் பால்கனியில காயவெச்சுட்டுப் பூந்தொட்டின்னு சொன்னீங்களாமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "முட்டி இப்ப எப்படி இருக்கு சார்? எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

பெஞ்சுக்கு எதிரே சக்கர நாற்காலியிலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதுதான் பாட்டு டீச்சராக இருக்க வேண்டும்.

அவருக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. சாயந்திரம் அவள் இவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது போல, காலையில் அவரை இங்கே கொண்டுவந்துகொண்டிருந்திருக்கிறாள். அவர் தனியாகக் கிடப்பதாக நினைத்த அந்தப் பகல்களில் இந்த ஹாலில் அவர் பேர் அடிபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய அடிப்பிடித்த பாத்திரத்துக்கு ஆள்கள் சிரித்துக்கொண்டே கால் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். லாரிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். தூரத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டினாள். வந்து பேசுவாள் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அதற்குள் ஒரு நர்ஸ் புது நோயாளி ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடையம்மா அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். குனிந்து, அந்த நோயாளியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். லாரிக்காரருக்கு முறை வந்தது, அவரும் போய்விட்டார். பெஞ்சில் அவர் மட்டும் மத்தியானம் வரை இருந்தார். அவள் மறுபடி அவர் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்று இல்லை, மறந்துவிட்டாள். வேலை செய்யும்போது அவரும் யாரையும் நினைத்ததில்லை. அது என்ன மாதிரியான மறதி என்று அவருக்குத் தெரியும். அதனால் கோபம் வரவில்லை. சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. மகள், ஏதாவது வேலை தேடிக்கொள்ளுங்களேன் என்றாள். யோசித்துப் பார்த்தார். அவருக்கு வேலை மேல் ஆசை இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. இல்லாத ஆசையை எழுபது வயதில் எங்கே போய் வாங்குவது? அவருக்கு வேண்டியிருந்தது அவள்தான். அவள் சாயந்திரம்தான் கிடைப்பாள். அந்தச் சாயந்திரத்தில் என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சாயந்திரம் அவள் களைத்து வந்தாள். "எப்ப போனீங்க? பார்க்கவே இல்ல" என்றாள் குற்ற உணர்ச்சியோடு. சோபாவில் காலை நீட்டினாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் பேசுவாள், அவர் "ம்" போடுவார். அன்று அவர் முந்திக்கொண்டார்.

"பஸ்ல ஒண்ணு நடந்தது" என்றார்.

"என்ன?"

"ஒரு ஆள் ஆளுயரக் கண்ணாடி ஒண்ணைத் தூக்கிக்கிட்டு ஏறினார். புதுசு. சுத்தி ஒண்ணும் கட்டல. கண்டக்டர் ஏத்தமாட்டேங்கறார், அந்த ஆள் இறங்கமாட்டேங்கறார். கடைசியில நடுவுல நிக்கவெச்சுப் பிடிச்சுக்கிட்டார். அவ்வளவுதான், பஸ்ல இருக்கற அத்தனை பேரும் அதுக்குள்ள வந்துட்டோம். ஒரு அம்மா தலையைச் சரி பண்றாங்க. ஒரு ஆள் பல்லைப் பார்த்துக்கறார். எனக்கு எதிர்லயே ஒரு கிழவர். யாருடா இது, நம்ம சட்டை மாதிரியே போட்டிருக்காரேன்னு பார்க்கறேன். அப்புறம்தான்..."

அவள் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒரு திருப்பம் வந்தது. டிரைவர் ஒரு வெட்டு வெட்டினார் பாரு..."

பேசப் பேச அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வார்த்தைகள் அடுத்தடுத்து வந்தன. குரல் கம்மவில்லை. கண்ணாடி சாய்ந்ததையும், பஸ்ஸே எழுந்து அதைப் பிடிக்கக் கை நீட்டியதையும் கையால் காட்டியபடி சொல்லிக்கொண்டு வந்தவர், அவள் பக்கம் திரும்பினார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிப்போயிருந்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் பாரத்தைத் தாங்கிய கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

நீட்டிய கையை அவர் மெதுவாகக் கீழே இறக்கினார். ஓடிக்கொண்டிருந்த டீவியின் ஓசையைக் குறைத்தார். ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் கால்மேல் போட்டார். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டைக் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாது என்று குழாயைப் பாதியாகத் திறந்து வைத்தார்.

காலையில் அவள் வழக்கம்போல நின்றுகொண்டே டீ குடித்தாள். பையை மாட்டினாள். வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அப்புறம் அந்தக் கண்ணாடி என்னாச்சுங்க?" என்றாள்.

அவர் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "லேட்டாகுது உனக்கு. சாயந்திரம் சொல்றேன்" என்றார்.

"மறக்காம சொல்லணும். அங்க எல்லாரும் கேப்பாங்க."

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் வந்தது, இறங்கியது. அவர் கதவருகே நின்று அது தரைத்தளம் போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய்விட்டார். ஆனால் அதை அப்படியே சொன்னால் அவளுக்குத் தூக்கம்தான் வரும். இன்னும் கொஞ்சம் வேண்டும். அவர் பால்கனிக்குப் போய் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். சாயந்திரம் வர இன்னும் ஒரு முழுப் பகல் இருந்தது.